அம்மா வேஷம்

ஆமாம்மா, நான்தான். நேத்து மசாக்கா டவுன் ஹால்ல நீ பார்த்த அந்தப் பொம்பளைதான். ஐயோ, கொஞ்சம் மெதுவாப் பேசு தாயி, முன் சீட்டுக்காரங்க திரும்பிப் பாக்குறாங்க. இதுக்குத்தான் துணியைத் தலையில சுத்திக்கிட்டு, ஜன்னல் பக்கமா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ எப்படித்தான் கண்டுபிடிச்சியோ.

பரவால்ல, பரவால்ல. நீ என்னைத் திட்டினதுல எனக்கு வருத்தமே கிடையாது. நேத்து உன் பக்கத்துல உக்காந்தவங்க என்னவெல்லாம் கத்தினாங்கன்னு மேடையில நின்ன எனக்கே கேட்டுச்சு. போன மாசம் சந்தையில ஒரு தக்காளிக்காரி எனக்குத் தக்காளி தர மாட்டேன்னுட்டா. காய்ச்சக் குழந்தையோட ஒருத்தியை மழையில தள்ளினவளுக்கு என் கையால ஒண்ணும் தர மாட்டேன்னா. அது நாடகம்டின்னேன். நாடகமாவே இருக்கட்டும், அந்தக் கண்ணு நாடகக் கண்ணான்னு கேட்டா. சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வெச்சேன். வேற என்ன பண்றது?

கூச்சமா? கூச்சமா இருந்தா நாலு பேரு பாக்கும்போது மட்டும்தானே வரணும். எனக்குத் தனியா உக்காந்து வாழைக்காய் சீவும்போதும் வருது.

ம்... நோட்டீஸ்ல உண்மைக் கதைன்னு போட்டிருந்தாங்கல்ல, அது பொய் இல்ல. எங்க வீட்டுக் கதைதான். அதுல வர்ற பெரியவரு கசுஜ்ஜா, எங்கப்பா. மூத்த பொண்டாட்டி டெசிராந்தா, அது எங்கம்மா. உசுரோடதான் இருக்கு. எழுபத்தேழு வயசு. என்னைப் பெத்த தாய் வேஷத்தைத்தான் கட்டுறேன்.

அட, உனக்கும் தூக்கிவாரிப் போடுதா? நேத்தே சொல்லியிருந்தா செருப்பை வீசியிருப்பே.

சரி, கேளு. இந்த ரோட்டுல லாரி அடைச்சுக்கிட்டு நிக்குது, இப்போதைக்கு நகரப் போறதில்ல. எங்கப்பா நாடகக் கம்பெனி வெச்சிருந்தாரு. நடேத்தேல எங்க வீட்டு முத்தத்துலதான் ஒத்திகை. இருபது பேருக்கு எங்கம்மா வாழைக்காய் அவிச்சுப் போடும், கடலைக் குழம்பு வெக்கும். நடிக்க வந்த ஒருத்திதான் எடீசா. எடீசாவை மேடையில நீ பார்த்திருக்கணும்மா. சும்மா ஒரு ஸ்டூல்ல உக்காந்து, ஒண்ணும் பேசாம கீரை கிள்ளும். முன்னாடி நிக்கிறவன் என்னதான் கத்தினாலும் ஜனம் அந்தக் கீரையைத்தான் பாக்கும். எங்கப்பாவும் பார்த்தாரு. ரெண்டாவதா கட்டிக்கிட்டாரு. சின்னம்மான்னுதான் நான் கூப்பிடுவேன். என்னைவிட அஞ்சு வயசுதான் மூப்பு.

அம்மாவும் சின்னம்மாவும் அடிச்சுக்கிட்டாங்களான்னா, நாடகத்துல வர்ற மாதிரி இல்ல. எங்கம்மாவுக்கு வாய் உண்டு. உப்புக் கூடிப்போச்சு, பாய் சரியா விரிக்கலன்னு சத்தம் போடும். குரல் வேற கரகரன்னு இருக்குமா, நல்லது சொன்னாலும் திட்டுற மாதிரிதான் கேக்கும். ஆனா சின்னம்மாவுக்குப் பிரசவம் பார்த்தது அதுதான். நக்கன்வாகி பொறந்தப்ப தொப்புள்கொடி அறுத்தது எங்கம்மா கை.

நானா? எனக்கு அப்பப் பதினாறு. அப்பா நாடகத்துல எனக்கு என்ன வேஷம் தெரியுமா? தட்டுல டீ கொண்டாந்து வெக்கிறது. பதினோரு நாடகத்துல பதினோரு தட்டு. ஒரு தடவை, இந்தாங்க ஐயான்னு ஒரு வசனம் இருந்துச்சு. அடுத்த ஆட்டத்துல அதையும் எடுத்துட்டாரு. ஆட்டம் இழுக்குதாம்.

நாட்டுல சண்டை ஓஞ்ச மறு வருஷம் அப்பா போய்ச் சேந்துட்டாரு. நெஞ்சுச்சளி. மண்ணுக்குள்ள வெச்சாச்சு, நாலு மாசம் கழிச்சுக் கடைசிக் காரியத்துக்கு நாள் குறிச்சாச்சு. அப்ப குலத்துப் பெரியவங்க கூடிப் பேசினாங்க. வாரிசு எங்கண்ணன் மத்தியா. வீடு, நிலம், வாரிசு கையில கொடுக்குற ஈட்டி எல்லாம் அவனுக்கு. கம்பெனியை என்ன பண்றதுன்னு வந்தப்ப அண்ணன் கையைக் கழுவிட்டான். அவனுக்கு மோட்டார் சாமான்தான் உலகம். பெரியவரு ஒருத்தரு சொன்னாரு, எடீசாவுக்கு எல்லா நாடகமும் மனப்பாடம், கம்பெனி அவகிட்ட இருக்கட்டும், காரியத்தன்னைக்கு எல்லாரு முன்னாலயும் சொல்லிடலாம்னாரு. மத்தவங்களும் தலையாட்டினாங்க. நான் அங்கதான் டீ கொடுத்துக்கிட்டிருந்தேன். ஆமா, அங்கயும் தட்டுதான்.

காரியத்துக்கு மூணு நாள் இருக்கையில, மத்தியானம், நல்ல மழை. ஆம்பளைங்க பந்தலுக்குக் கம்பு வெட்டப் போயிருந்தாங்க. சின்னம்மா அவங்க அம்மா ஊருக்குப் போயி, வாரிசுக்குப் போத்துற மரப்பட்டைத் துணி வாங்கிக்கிட்டுத் திரும்பி வருது. முதுகுல நக்கன்வாகி. மூணு வயசுப் பிள்ளை, நல்ல காய்ச்சல். வந்து பாத்தா கதவு உள்ள தாப்பாப் போட்டிருக்கு. தட்டுது. உள்ளருந்து மூத்தவ குரல். அதுக்கப்புறம்தான் நீ பார்த்தியே. இந்த வீட்டுல உனக்கு இருந்த ஆளு மண்ணுக்குள்ள போயாச்சு. அவரு கால்மாட்டுல உனக்கு இடம் இருந்தாப் போய்ப் படுத்துக்க. இங்க இல்ல. அவ்வளவுதான். தகரக் கூரையில மழைச் சத்தம், அக்கம்பக்கம் யாருக்கும் கேக்கல. சின்னம்மா வாசல்ல கொஞ்ச நேரம் நின்னுச்சு. மரப்பட்டைத் துணியை நனையாம சுவரோரம் வெச்சுட்டுப் போயிடுச்சு.

காரியத்தன்னைக்கு எடீசா எங்கன்னு எல்லாரும் தேடினாங்க. அதுக்குள்ள சின்னம்மா பெரியவருக்கு ஆள் விட்டுச் சொல்லியிருந்துச்சு. மூத்தவ கதவைச் சாத்திட்டா, இனிமே அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன், கம்பெனியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு. பெரியவரு அத்தனை பேரு முன்னாடி எங்கம்மாவைக் கேட்டாரு. டெசிராந்தா, கதவைச் சாத்தினது யாருன்னு. எங்கம்மா முட்டிபோட்டு உக்காந்திருந்துச்சு.  நான்தான்னுச்சு.

அன்னையிலருந்து அது பேரு கதவடைச்சவதான். எங்க தெருவுல பிள்ளைங்களுக்கு எங்கம்மா நெசப்பேரு தெரியாது.

கம்பெனியா? யாராவது பாத்துக்கணும்ல. கசுஜ்ஜா பொண்ணு இருக்காளேன்னாங்க. அப்படித்தான் என் கைக்கு வந்துச்சு. முப்பத்திமூணு வருஷம் நான் வெச்சதுதான் சட்டம். யாருக்கு எந்த வேஷம், எந்த ஊருல ஆட்டம், யாரு எங்க நிக்கணும், எல்லாம் நான் உக்காந்த நாக்காலியிலருந்து. கைவெச்ச நாக்காலி, எங்கப்பாவோடது.

நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் ஒத்திகை நடக்கையில ஒருத்தி வாசல்ல வந்து நின்னா. எங்கப்பா நெத்தி அப்படியே. நக்கன்வாகிதான், பேரு கேக்கவே வேண்டியதில்ல. பல்கலைக்கழகத்துல நாடகம் படிச்சிருக்கா, வெளிநாட்டுக்கெல்லாம் போயிட்டு வந்திருக்கா. ஆனா வந்தவ தரையில முட்டிபோட்டு எனக்கு வணக்கம் சொன்னா. அக்கா, எங்கப்பா கம்பெனியில எனக்கு ஒரு இடம் இருக்குமான்னு கேட்டா. இல்லைன்னு எந்த வாயால சொல்றது? வான்னேன்.

வந்தா. ரெண்டே வருஷம். சின்னஞ்சிறுசுக எல்லாம் அவ பின்னாடி. அக்கா நாடகத்துல ஒரு எசமான், ஒரு வேலைக்காரி, ஒரு குடிகாரன், அதைவிட்டா வேற ஒண்ணு வராதான்னு கிண்டல். எனக்கு முன்னாடி இல்ல, ஆனா எனக்குக் கேக்குற தூரத்துல. அப்புறம் எல்லாரும் வட்டமா தரையில உக்காந்துதான் ஒத்திகைன்னா. என் நாக்காலி சுவரோரமாப் போயிடுச்சு. யாரும் தூக்கிப் போடலம்மா, தினம் ஒரு சாண் தள்ளித் தள்ளியே போயிடுச்சு. நானும் விடல. அவ ஆளு ரெண்டு பேரைக் கம்பெனியை விட்டே அனுப்பினேன். அவளை ஒரு வருஷம் டிக்கெட் கிழிக்க வெச்சேன். சிரிச்சுக்கிட்டே கிழிச்சா.

அப்பத்தான் இந்த நாடகத்தை எழுதிக்கிட்டு வந்தா. உரக்கப் படிச்சா. முதல் காட்சியிலயே நான் நாக்காலியை விட்டு எந்திரிச்சுட்டேன். முடிஞ்சதும் நான் சொன்னேன், குடும்பத்து அழுக்கை மேடையில துவைக்கக் கூடாது, இது இந்தக் கம்பெனியில நடக்காதுன்னேன். அக்கா, இது எங்கம்மா கதை, எங்கம்மா கதையைச் சொல்ல உங்ககிட்ட அனுமதி வாங்கணுமான்னா. பேச்சு முத்திப்போச்சு. கை தூக்கச் சொல்லலாம்னா. பதினேழு பேருல பன்னெண்டு கை மேல. மேளக்காரன் போசா, எங்கப்பா காலத்து ஆளு, அவனும் கூரையைப் பாத்துக்கிட்டே கையைத் தூக்கிட்டான்.

சொல்லவே நாக்கூசுது, ஆனாலும் சொல்றேன். அன்னைக்குச் சாயங்காலமே கதவுக் காட்சி இருந்த பக்கத்தை எல்லாப் பிரதியிலருந்தும் உருவி அடுப்புல போட்டேன். ஐம்பத்தாறு வயசுல பண்ற வேலையா? மறுநாள் நக்கன்வாகி ஒண்ணும் கேக்கல. நடுவுல நின்னு, அந்தப் பக்கத்தை ஒரு எழுத்து விடாம ஒப்பிச்சா. இது நான் எழுதினதில்ல அக்கா, எங்கம்மா எனக்குச் சோறூட்டுறப்பச் சொன்னது, நான் மறந்தாத்தானே காகிதம் வேணும்னா.

அந்த வேஷத்தை நான் கட்டியிருக்கவே வேண்டாம். அவளே சொன்னா, அக்கா, உங்க அம்மா வேஷம், உங்களுக்குக் கஷ்டமா இருக்கும், ஹாரியத்துக்குக் கொடுத்துடலாம்னு. ஹாரியத்து பத்து வருஷமா என் வேஷத்துக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கா. நான் யோசிச்சேன். என்ன யோசிச்சேன்னு நினைக்கிற? அம்மாவையா? இல்லம்மா. அந்த நாடகத்துல அதுதான் வேஷம், மத்ததெல்லாம் ஒப்புக்கு. அதை விட்டா என் இடம் போச்சு. நானே பண்றேன்னேன்.

முதல் ஆட்டத்துலயே ஜனம் எந்திரிச்சு நின்னுடுச்சு. யாரோ சோளக்கதிரைத் தூக்கி அடிச்சாங்க, தோள்ல பட்டுச்சு. அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? இனிச்சுதும்மா. டீ தட்டோட நின்ன பொண்ணை மொத்த ஹாலும் பாக்குது. பெத்தவளைச் சந்தி சிரிக்க வெச்சுக்கிட்டு நிக்கிறேன், எனக்கு அது இனிக்குது.

இந்தப் பேச்சு வீட்டுக்கு வந்து சேர எத்தனை நாளாகும்? ஒரு ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு பொம்பளைங்க வெளியில பாய் விரிச்சு உக்காந்திருக்காங்க. எங்கம்மா போனதும் யாரும் நகந்து இடம் கொடுக்கல. நின்னு பாத்துட்டு அதுவே திரும்பி வந்துடுச்சு. விசேஷத்துக்குப் போடுற கோமேசி அங்கியைக் கழட்டி, இடுப்புப் பட்டியை மடிச்சு, பெட்டியில வெச்சிடுச்சு. அதுலருந்து வீட்டுலயேதான் ஜெபம். அம்மா, நாடகத்தை நிறுத்திடட்டுமான்னு கேட்டேன். ஹால் நிறையுதான்னுச்சு. நிறையுதும்மான்னேன். உனக்குக் கை தட்டுறாங்களான்னுச்சு. ஆமான்னேன். அப்ப ஓடட்டும், ஏன் நிறுத்துறேன்னுச்சு. நானும் நிறுத்தல.

நேத்து மசாக்காவுல ஆட்டம் போட்டதே சின்னம்மாவுக்காகத்தான். அது மசாக்கா பக்கத்துல ஞெண்டோ சந்தையில வெங்காயக் கடை வெச்சுத்தான் நக்கன்வாகியைப் படிக்க வெச்சுது. இத்தனை நாள் இந்த நாடகத்தைப் பாக்க வரல. நேத்து வந்து முன் வரிசையில உக்காந்துச்சு. பச்சைக் கோமேசி, நீ கவனிச்சிருப்பே. நான் கதவுக்கு உள்ள நின்னு அந்த வசனத்தைப் பேசுறேன், மொத்த ஹாலும் காறித் துப்புது, சின்னம்மா மட்டும் கண்ணை மூடிக்கிட்டு இருந்துச்சாம்.

ஆட்டம் முடிஞ்சு உள்ள வந்துச்சு. நான் முட்டிபோட்டேன், தூக்கிவிட்டுச்சு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடல. உள்ளங்கையெல்லாம் சொரசொரன்னு. சொல்லுச்சு, கெவீனா, முப்பத்தேழு வருஷத்துக்கப்புறம் அதே குரலைக் கேட்டேன்டி. ஆனா இந்த வயசுல எதையும் தூக்கிக்கிட்டு நடக்க என்னால முடியல. உங்கம்மாவை நான் மன்னிச்சிட்டேன்னு போய்ச் சொல்லு. நீ பாவம், சின்னப் பொண்ணு, அன்னைக்கு உனக்கு என்ன தெரியும், நீயும் எங்கயாவது மூலையில உக்காந்து அழுதிருப்பேன்னுச்சு. அந்தா, மேல சுருட்டி வெச்சிருக்கேன் பாரு, அந்தப் பாய், அதுவே பின்னினது. டெசிராந்தாவும் நானும் ஒரு நாள் இதுல சேந்து உக்காரணும்னு கொடுத்துவிட்டுச்சு. நக்கன்வாகி என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதா. அக்கா, நாக்காலி விஷயமெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க, இனிமே கம்பெனியை ரெண்டு பேருமாப் பாத்துக்கலாம்னா. எல்லாரும் அழறாங்க. போசா மூக்கைச் சிந்துறான்.

நான் வாயைத் திறந்தேன். நெசமாவே திறந்தேன். யாரோ கையில ஒரு சோடாவைக் கொடுத்தாங்க. குடிச்சிட்டேன்.

ம்? ஆமா, அம்மாகிட்டச் சொல்லிட்டேன். காலையில பஸ் ஏறுறதுக்கு முன்னாடி போன் போட்டேன். சின்னம்மா மன்னிச்சிட்டாங்களாம்னேன்.  அவளுக்குத் தலை நரைச்சிடுச்சான்னு கேட்டுச்சு. பாதி நரைச்சிருக்குன்னேன். பாயில எத்தனை நிறம்னுச்சு. மூணுன்னேன். சரி, மழை வரும்போல இருக்கு, நனைச்சிடாம கொண்டாந்து சேருன்னு சொல்லிட்டு வெச்சிடுச்சு.

மன்னிப்புக் கெடைச்சதுல அம்மாவுக்கு நிம்மதியா இருந்திருக்குமா? என்னம்மா கேள்வி இது. எங்கம்மாவுக்கு எதுக்கு மன்னிப்பு? அது அன்னைக்கு வீட்டுலயே இல்லையே.

மித்தியானாவுக்குப் போயிருந்துச்சு, குலத்துப் பெரியவர் வீட்டுக்கு. எடீசாவுக்குக் கம்பெனியோட முத்தத்துப் பக்கத்து ரூமையும் எழுதிக் கொடுங்க, பிள்ளையை வெச்சுக்கிட்டு அவ எங்க போவான்னு சொல்லப் போயிருந்துச்சு. அவரு வீட்டுல இல்லாததால பாக்காமலே திரும்பிடுச்சு. வீட்டுல நான் மட்டும்தான். வாழைக்காய் சீவிக்கிட்டிருந்தேன். சின்னம்மா வர்றதை ஜன்னல் வழியாப் பாத்ததும் போயித் தாப்பாப் போட்டேன். என் குரல்ல சொன்னா சின்னம்மா சிரிச்சிருக்கும், போடி திறடின்னிருக்கும். அதனால எங்கம்மா குரல்ல சொன்னேன். அந்தக் கரகரப்பு, இழுப்பு, எல்லாம் சுத்தமா வந்துச்சு. நான் பேசின முதல் வசனம் அதுதாம்மா. போஸ்டர்ல நக்கன்வாகி பேரு போட்டிருக்கு, ஆனா அந்தக் காட்சி நான் எழுதினது.

எங்கம்மாவுக்குத் தெரியாமலா? பெரியவரு கேட்டப்ப, கடைசி வரிசையில நின்ன என்னை ஒரே ஒரு தடவை திரும்பிப் பாத்துச்சு. அதுக்கப்புறம்தான் நான்தான்னு சொல்லுச்சு. அதைப் பத்தி இன்னிக்கு வரைக்கும் எங்க ரெண்டு பேருக்குள்ள ஒரு வார்த்தை கிடையாது.

இல்ல, யார்கிட்டயும் சொன்னதில்ல. உன்கிட்டத்தான். உன் பேரு கூட எனக்குத் தெரியாது, கேக்கவும் மாட்டேன். சனிக்கிழமை ஜிஞ்சாவுல ஆட்டம், டிக்கெட் எல்லாம் போயாச்சாம். இந்தா, புசேகா வந்துடுச்சு. கொஞ்சம் காலை மடக்கிக்கம்மா, நான் இறங்கணும்.